கயிற்றைப் பிடித்து நிலவுக்கு

நேயர்களே, வணக்கம். வானியலைப் பற்றி வானொலியில் பேசப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர், "படம் காட்டாமல் என்னத்தைப் பேசுவாய்?" என்றார். எனக்கு அதுதான் பழக்கமே. பார்வையற்ற பிள்ளைகளுக்கு வானியல் சொல்லித்தருகிறவன் நான், அங்கே படத்தைக் காட்டித் தப்பிக்க வழியில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் மறுபடியும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வானத்தில் நடப்பதில் பெரும்பகுதி யார் கண்ணுக்கும் தெரியாது. எக்ஸ் கதிரையோ ரேடியோ அலையையோ பார்த்தவர் யாரும் இல்லை. கருவி தருவது எண்களை. அதற்கு நிறம் பூசினால் படம், சுருதி சேர்த்தால் ஓசை. இதில் படம்தான் அறிவியல், ஓசை ஏதோ சலுகை என்று நினைப்பதில்தான் எனக்குச் சண்டை.

ரேடியோ வானியலின் கதையைப் பாருங்கள். ரேடியோ அலை வழியாகப் பேசும் தொலைபேசித் தொடர்புக்கு இடைஞ்சலான இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் வேலை கார்ல் ஜான்ஸ்கி என்ற அமெரிக்கப் பொறியாளருக்கு. இடி மின்னல் போக, 'உஸ்' என்று ஒரு சத்தம் மட்டும் மிச்சம். அது தினமும் நாலு நிமிடம் முன்னதாகவே வந்தது, அதாவது 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை. சூரியன் காரணமென்றால் 24 மணி ஆகவேண்டும், நாலு நிமிடம் முந்துவது நட்சத்திரங்களின் கணக்கு. சத்தம் பால்வீதியின் மையப்பக்கத்திலிருந்து வருகிறது என்று 1933-ல் அறிவித்தார்.

சரி, கயிற்றுக்கு வருகிறேன். ஒரு பந்தைக் கையில் கொடுத்து இதுதான் பூமி என்பேன், குறுக்களவு 12 சென்டிமீட்டர். அப்போது நிலா மூன்றேகால் சென்டிமீட்டர், பெரிய கோலிக்குண்டு. இரண்டும் எவ்வளவு தூரத்தில் என்று கேட்டால், பார்வையுள்ள பெரியவர்கள் ஒரு முழம் காட்டுவார்கள், புத்தகப் படம் செய்த வேலை அது. உண்மையில் மூன்றரை மீட்டருக்கும் மேல், முப்பது பந்து வரிசையாக வைக்கிற தூரம். முப்பது முடிச்சுப் போட்ட கயிற்றைப் பிடித்து ஒரு சிறுமி ஒவ்வொரு முடிச்சாக எண்ணிக்கொண்டே போனாள். பாதிக்கு மேல் நின்று, "நடுவுல ஒண்ணுமே இல்லையா சார்?" என்றாள். ஒன்றுமே இல்லை, அம்மா. "அப்போ சூரியன்?" இதே கணக்கில் ஒன்றரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, கயிறு கட்டுப்படியாகாது என்றேன். வெற்றிடம் எவ்வளவு பெரியது என்று அவள் விரலுக்குத் தெரிந்த அளவுக்குப் படம் பார்த்த யாருக்கும் தெரிந்ததில்லை, எனக்கும் சேர்த்து.

இளவயதில் பார்வையை இழந்த வாண்டா டியாஸ் மெர்செட் என்ற புவேர்ட்டோ ரிக்கோ வானியலாளர், வான் தரவுகளை ஓசையாக்கிக் கேட்டே ஆராய்ச்சி செய்கிறார். விண்வெளியில் எக்ஸ் கதிர்களைப் பதிவுசெய்யும் நாசாவின் சந்திரா தொலைநோக்கிக் குழுவும் 2020-லிருந்து தரவுகளை ஓசையாக வெளியிடுகிறது. பால்வீதி மையத்தை இடமிருந்து வலமாக வருடிப்போனால் மேலே இருப்பது உச்ச சுருதி, பிரகாசமானது உரத்த சத்தம். திரும்பவும் சொல்கிறேன், அங்கே எக்ஸ் கதிரை நாமும் பார்க்கவில்லை.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். கிரகணத்தைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். லைட்சவுண்ட் என்று வெளிச்சத்தை ஓசையாக்கும் ஒரு சின்னக் கருவி, 2017 சூரிய கிரகணத்துக்காக ஹார்வர்டில் உருவானது. நல்ல வெளிச்சத்தில் புல்லாங்குழல், மங்கினால் கிளாரினெட், முழுதாக இருண்டதும் டிக் டிக் சத்தம். செய்முறை இணையத்தில் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. அப்புறம், தொலைநோக்கி வைத்து வானம் காட்டுகிறவர்கள், பார்வையற்றவர் வந்தால் முதலில் கருவியைத் தொட்டுப் பார்க்க விடுங்கள், அது எந்தப் பக்கம், எவ்வளவு உயரத்தில் திரும்பியிருக்கிறது என்பது கைக்கே தெரிந்துவிடும். வணக்கம்.