கிணற்றடியில் தொடங்கிய படம்

நேயர்களுக்கு வணக்கம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றில் நாங்கள் எடுத்துவரும் ஆவணப்படத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகேறி வரத் தொடங்கியவர்கள் இவர்கள். முதலில் ராமேஸ்வரம் பக்கத்திலுள்ள மண்டபம் முகாம், அப்புறம் இங்கே. 2021-இல் அரசு 'அகதி' என்ற சொல்லை நீக்கி, மறுவாழ்வு முகாம் என்று பெயர் வைத்தது. நல்ல காரியம். ஆனால் இங்கே பிறந்த பிள்ளைகளிலும் பெரும்பாலோருக்குக் குடியுரிமை இல்லை. 1987 ஜூலை 1 முதல், இந்த மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்கிறது சட்டம்.

முதல் நாள் ஒரு பாட்டியிடம், "எப்படித் தப்பி வந்தீங்க?" என்று கேட்டோம். கடகடவென்று சொன்னார். எத்தனையோ விசாரணைகளில் சொல்லிச் சொல்லி மனப்பாடமான பதில் அது. தவறு எங்கள் கேள்வியில்தான்.

அன்று சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. கேமராவை மூடி வைத்துவிட்டு, இலங்கையில் உங்கள் வீட்டில் தண்ணீர் எங்கே எடுப்பீர்கள் என்று சும்மா கேட்டேன். பாட்டி டம்ளரில் விரலை நனைத்து சிமெண்ட் தரையில் கோடு போட்டார். "இது படலை. இது கிணத்தடி. துலா இந்தப் பக்கம். இதில ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம்." படலை என்றால் வாசல் கதவு, துலா என்றால் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் ஏற்றம். மாமரத்துக்கு வருவதற்குள் படலை காய்ந்துவிட்டது. திரும்பவும் விரலை நனைத்து முதலில் இருந்து போட்டார்.

பக்கத்தில் இருந்த பேத்தி, "அம்மம்மா, கெணத்துல வெள்ளம் உண்டுமா?" என்றாள். அசல் விளவங்கோட்டுப் பேச்சு. பாட்டி நிமிர்ந்து பார்த்து, "வெள்ளமோ? தண்ணி எண்டு சொல்லு பிள்ளை" என்றார். பாட்டிக்கு வெள்ளம் என்றால் ஊரை அடித்துக்கொண்டு போவது. பேத்திக்கோ தாகத்துக்குக் குடிப்பது. எங்கள் படம் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது என்று நம்புகிறேன்.

மறுநாள் இருவரிடமும் கேட்டு, பாட்டி மறுபடி கோடு போட்டதைப் பதிவு செய்தோம். முகம் வேண்டாம் என்றார். கையும் தரையும் மட்டும் எடுத்தோம்.

படத்தில் இன்னும் ஒரு குறை இருக்கிறது. அவர்கள் வந்த புதிதில் பார்த்த நம் ஊர்க்காரர்களின் குரல் அதில் இல்லை. பாத்திரம் பண்டம் கொடுத்தவர்கள், பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள், கூலி வேலைக்குச் சேர்ந்து போனவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். நிலையத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள், சைக்கிள் எட்டாத ஊராக இருந்தாலும் நடந்து வந்து கேட்டுக்கொள்கிறோம். வணக்கம்.