ஆர்பிஜி மேக்கரில் செய்த கேமுக்குக் காசு கேட்கலாமா?

(கடலூரில், கேம் செய்யப் பழகும் கல்லூரி மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். நீங்கள் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டுகளைப் படித்தேன். பெரும்பாலும் ஒரே கேள்விதான்: நிரல் எழுதத் தெரியாதவரும் கேம் செய்ய உதவும் கருவியான ஆர்பிஜி மேக்கரில் செய்தேன் என்று சொன்னால் மட்டமாக நினைப்பார்களா, காசு கேட்டால் கொடுப்பார்களா?

சிலர் மட்டமாக நினைக்கத்தான் செய்வார்கள். எதைப் பார்த்து அப்படி நினைக்கிறார்கள் என்பதைத்தான் நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

ஆர்பிஜி மேக்கரோடு ஆயத்தப் படங்களும் இசையும் சேர்ந்தே வருகின்றன. 2015-இல் வந்த எம்வி பதிப்பைத் திறந்தால் ஹெரால்டு என்ற கதாநாயகன் தயாராக நிற்பான். பழகுகிறவருக்கு இது பெரிய உதவி. ஆனால் அதே ஹெரால்டு, அதே வீடுகள், அதே சண்டை மெட்டு என்று பத்து கேம் பார்த்தவர், பதினோராவதைத் திறந்ததும் மூடிவிடுவார். செய்தவர் தன் பங்குக்கு ஒன்றும் செய்யவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

இங்கே வண்டிப்பாளையத்தில் கொலு பொம்மை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். அச்சிலிருந்து எடுத்த பொம்மையைக் காயவைத்து, தேய்த்து, வர்ணம் பூசி, கடைசியில் கண் திறக்கிறார்களே, அங்கேதான் ஒரு பொம்மைக்கும் இன்னொன்றுக்கும் விலை மாறுகிறது. அச்சில் செய்தது என்பதற்காக யாரும் பேரம் பேசுவதில்லை.

2011-இல் வந்த 'டு த மூன்' என்ற கேம் ஆர்பிஜி மேக்கரின் எக்ஸ்பி பதிப்பில் செய்தது. சாகக் கிடக்கும் ஒரு முதியவரின் கடைசி ஆசைதான் கதை. கான் காவ் எழுதி இயக்கினார், இசையிலும் பெரும்பகுதி அவருடையதே. குட்டி உருவங்கள், கீழே உரையாடல் பெட்டி என்று பார்த்தவுடனேயே கருவி தெரிந்துவிடும். ஆனால் கருவி தயாராகக் கொடுக்கும் சண்டை முறையை அவர் கிட்டத்தட்ட ஒதுக்கியே விட்டார். அந்தக் கதைக்குச் சண்டை வேண்டாம் என்று முடிவெடுத்தார் பாருங்கள், எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. சும்மா கிடைக்கிறது என்பதற்காக எதையும் கேமுக்குள் வைக்காதீர்கள். ஒவ்வொன்றையும் வேண்டுமா, வேண்டாமா என்று கேட்டுவிட்டு வையுங்கள்.

மற்ற கருவிகளிலும் இப்படித்தான். கேம்மேக்கர் என்ற கருவியில் 'அண்டர்டேல்' (2015) வந்தது, லவ் என்ற இலவசக் கருவியில் 'பலாட்ரோ' (2024) வந்தது. இரண்டும் காசுக்கு விற்றவை, இரண்டையும் உலகமே விளையாடியது.

யூனிட்டி என்ற கேம் செய்யும் கருவியின் கதையையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் அதன் இலவசப் பதிப்பில் செய்த கேம் தொடங்கும்போது யூனிட்டி முத்திரை கட்டாயம் வரும். காசு கட்டியவர்கள் அதை எடுத்துவிடலாம். இதனால் 'கப்ஹெட்' போன்ற பெரிய யூனிட்டி கேம்களைவிட, கற்றுக்குட்டிகளின் கேம்களில்தான் அந்த முத்திரை அதிகம் கண்ணில் பட்டது. 'யூனிட்டி என்றாலே மட்டம்' என்ற பேச்சு பரவ இதுவும் ஒரு காரணம். கருவிகளைப் பற்றிய பல அபிப்பிராயங்கள் இப்படித்தான் உருவாகின்றன. அவற்றுக்காக உங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கருவி நிஜமாகவே மதிப்பைக் கெடுக்கும் இடம் ஒன்று உண்டு. தமிழில் கேம் செய்யப்போகிறவர்கள் கவனியுங்கள். உரையாடல் ஒவ்வொரு எழுத்தாகத் தோன்ற வேண்டும் என்பதற்காகச் சில கருவிகள் குறியீடுகளைத் தனித்தனியாக வரைகின்றன. ஆங்கிலத்துக்கு அது சரி. தமிழில் 'கொ' என்பது ககரமும் துணைக்குறியும் சேர்ந்தது. தனித்தனியாக வரைந்தால் கொம்பும் காலும் பிரிந்து, நடுவில் புள்ளி வட்டம் வந்து நிற்கும். எவ்வளவு நல்ல கதையாக இருந்தாலும், இதைப் பார்க்கிற தமிழர் முதல் வரியிலேயே நம்பிக்கை இழப்பார். 2023-இல் வந்த கோடோ 4 என்ற கருவி இந்தச் சேர்க்கையைச் சரியாகக் கையாளுகிறது. எந்தக் கருவியானாலும், வேலையைத் தொடங்கும் முன் 'கொண்டுவந்தேன்' என்று உரையாடல் பெட்டியில் அடித்துப் பாருங்கள். உடைந்தால் கருவியை மாற்றுங்கள், அல்லது முழுச் சொல்லாக வரைய வைக்கும் செருகுநிரலை, அதாவது கருவியோடு சேர்க்கும் துணை நிரலை, தேடுங்கள். ஆறு மாதம் உழைத்த பிறகு இதைக் கண்டுபிடிப்பது கொடுமை.

சரி, விலைக்கு வருவோம். ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் ஒரு கேமை வெளியிட 100 டாலர் கட்டணம். வாங்கியவர் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதனால் உங்கள் முழு உழைப்பும் முதல் அரைமணியில் தெரிய வேண்டும். முதல் கேமை இலவசமாகக் கொடுப்பதில் தவறில்லை, பத்துப் பேர் விளையாடிக் குறை சொன்னால் அதுவே லாபம். ஆனால் 'ஆர்பிஜி மேக்கர்தானே' என்ற கூச்சத்தால் இலவசமாகக் கொடுக்காதீர்கள். முகங்களை நீங்கள் வரைந்து, வசனத்தை நீங்கள் எழுதி, இசையை நண்பர் ஒருவர் போட்டுக் கொடுத்திருந்தால் அதற்கு ஒரு விலை வையுங்கள். எந்தக் கருவியில் செய்தது என்பதையும் ஒளிக்காமல், கேமை விற்கும் பக்கத்திலேயே எழுதுங்கள்.