சுப்பிரமணிய சிவா: பாப்பாரப்பட்டிக்கு வந்த பத்திரிகைக்காரர்

[காட்சி: தர்மபுரியிலிருந்து பாப்பாரப்பட்டி போகும் சாலை]

பாப்பாரப்பட்டியில் இறங்கி யாரைக் கேட்டாலும் சிவா மணிமண்டபத்துக்கு வழி சொல்வார்கள். தொழுநோயோடு ஊர் ஊராக நடந்து சுதந்திரம் பேசிய தியாகி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அது உண்மைதான். ஆனால் அந்த நோய்க் கதையே பெரிதாகிப்போய், மனிதர் பத்திரிகை நடத்தியது பின்னால் தள்ளப்பட்டுவிட்டது. எனக்கு அந்தப் பத்திரிகைக்காரர்தான் முக்கியம்.

[காட்சி: வத்தலகுண்டு, பழைய வரைபடத்தில்]

பிறந்தது 1884 அக்டோபர் 4, வத்தலகுண்டில். வீட்டில் வைத்த பெயர் சுப்பராமன். வறுமையால் படிப்பு பட்டம் வரை போகவில்லை. வேதாந்தமும் அரசியலும் அவராகத் தேடிப் படித்தவை. திருவனந்தபுரத்தில் இளைஞர்களைச் சேர்த்து தர்ம பரிபாலன சமாஜம் நடத்தினார். விளைவு, சமஸ்தானத்தை விட்டே வெளியேறச் சொன்னார்கள்.

அப்புறம் தூத்துக்குடி. 1908-ல் வ.உ.சி.யோடு மேடை மேடையாகப் பேச்சு, கோரல் மில் என்ற நூற்பாலையில் வேலைநிறுத்தம், மார்ச் 12-ல் கைது. நீதிபதி பின்ஹே சிவாவுக்குக் கொடுத்தது 10 ஆண்டு தீவாந்திர தண்டனை, அதாவது கடல் கடந்து நாடு கடத்தும் தண்டனை. வ.உ.சி.க்கு ராஜத்துரோகத்துக்காக ஒரு தண்டனை, சிவாவுக்கு இடமும் ஆதரவும் கொடுத்ததற்காக இன்னொன்று! ஒரு மனிதருக்குச் சோறு போட்டதும் குற்றக் கணக்கில் வந்தது என்றால், அந்தப் பேச்சுக்கு அரசாங்கம் எவ்வளவு பயந்திருக்க வேண்டும். மேல்முறையீட்டில் சிவாவின் தண்டனை 6 ஆண்டாகக் குறைந்தது. 1912 நவம்பரில் வெளியே வந்தபோது உடம்பில் தொழுநோய்.

[காட்சி: கை அச்சு இயந்திரம், ஈய எழுத்துகள் கோக்கும் விரல்கள்]

சிறையிலிருந்து வந்தவர் ஓய்வெடுக்கவில்லை. அடுத்த வருஷமே, 1913-ல், சென்னையில் 'ஞானபானு' மாத இதழைத் தொடங்கினார். காலத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பாரதி புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருக்கிறார். அவர் நடத்திய 'இந்தியா' 1910-லேயே நின்றுபோய்விட்டது. எழுத நிறைய இருக்கிறது, அச்சில் போட ஆள் இல்லை. போலீஸ் கண் தன் மேல் இருப்பது தெரிந்தே சிவா பக்கங்களைத் திறந்துவிட்டார். ஜமீன் தர்பாரையும் அதை அண்டிப் பிழைக்கும் புலவர்களையும் பாரதி கிண்டல் செய்த 'சின்னச் சங்கரன் கதை' வந்தது ஞானபானுவில்தான். வ.உ.சி.யும் அதில் எழுதினார். தனித்தமிழில் எழுதுவோருக்குப் பரிசு தருவதாகவும் சிவா அதில் அறிவித்தார்.

கைகாசு இல்லாத ஒரு நோயாளி நடத்திய இதழ் இது. தமிழ் இதழியல் வரலாற்றில் இதற்கு இன்னும் பெரிய இடம் கொடுத்திருக்க வேண்டும் என்பேன். பிறகு 'பிரபஞ்சமித்திரன்', 'இந்திய தேசாந்திரி' என்று வேறு இதழ்களும் நடத்தினார். 1921-ல் மறுபடியும் சிறை.

[காட்சி: பாப்பாரப்பட்டி, சிவா நினைவிடம்]

தொழுநோயாளி ரயிலில் ஏறக் கூடாது என்று தடை இருந்த காலம். அதனால் நடையும் மாட்டுவண்டியும்தான். அப்படி அலைந்தவர் கடைசியில் நிலையாகத் தங்க நினைத்த இடம் பாப்பாரப்பட்டி. அப்போது இது சேலம் மாவட்டம். தர்மபுரி தனி மாவட்டமானது 1965-ல். நண்பர்கள் உதவியோடு இங்கே நிலம் வாங்கி, ஆசிரமம் அமைத்து, பாரத மாதாவுக்கு ஒரு கோயில் கட்டத் திட்டமிட்டார். 1923-ல் அடிக்கல் நாட்ட வந்தவர் வங்காளத்துத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ். காசியில் காந்தி பாரத மாதா கோயிலைத் திறந்துவைத்தது 1936-ல்தான். அதாவது, அந்தத் திறப்பு விழாவுக்கு 13 வருஷம் முன்பே நம்ம ஊரில் அடிக்கல் நாட்டியாகிவிட்டது.

பணம் சேரவில்லை, கட்டடம் எழவில்லை. 1925 ஜூன் 16-ல் தாஸ் டார்ஜிலிங்கில் காலமானார். ஐந்து வாரம் கழித்து, ஜூலை 23-ல், பாப்பாரப்பட்டியில் சிவாவும் போய்விட்டார். வயது 40. அவர் திட்டமிட்ட பாரத மாதாவுக்கு அதே ஊரில் நினைவாலயம் எழுந்தது கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்துத்தான், அதுவும் அரசுப் பணத்தில்.