வேலையைப் பிரித்துப் பார்த்தவர்கள்

அவையோருக்கு வணக்கம். மாற்றுத்திறனாளிகளுக்கு நிறுவனங்கள் செய்த உதவி என்றதும் நன்கொடையும் மூன்று சக்கர வண்டியும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். நான் பேச வந்தது சம்பளத்தைப் பற்றி.

ஹென்றி ஃபோர்டின் கார் ஆலையில் வேலைகளை 7,882 வகையாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றையும் பார்த்து, இதற்கு உண்மையிலேயே இரண்டு கால் வேண்டுமா என்று கேட்டார்கள். 670 வேலைகளை இரு கால்களும் இல்லாதவர் செய்யலாம், 2,637 வேலைகளை ஒற்றைக் காலுள்ளவர் செய்யலாம், 715 வேலைகளை ஒற்றைக் கையுள்ளவர் செய்யலாம் என்று தெரிந்தது. 1922-இல் ஃபோர்டு பெயரில் வந்த நூலிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது.

இதை ஒரு படி மேலே கொண்டுபோனவர் ஜப்பானின் எலும்பு மருத்துவர் யுதாகா நாகமுரா. 1965-இல் பெப்பு நகரில், மாற்றுத்திறனாளிகள் வேலை செய்து வாழ்வதற்கான 'சூரிய இல்லம்' தொடங்கினார். "தருமம் வேண்டாம், வாய்ப்பு கொடு" என்பது அவருடைய முழக்கம். ஓம்ரான் என்ற மின்கருவி நிறுவனத்தைத் தொடங்கிய கசுமா தாதேயிசி 1972-இல் அவரோடு கைகோத்தார். ஓம்ரான் தாயோ ஆலை பிறந்தது. பிறகு சோனி, ஹோண்டா, டென்சோ என்று வரிசையாக வந்தார்கள்.

இப்படிப்பட்ட ஆலையில் மேசைதான் முதலில் மாற வேண்டும். சக்கர நாற்காலியின் முழங்கால் உள்ளே போக அடியில் சுமார் 70 செ.மீ. உயரம் வேண்டும், திரும்ப 150 செ.மீ. இடம் வேண்டும். ஒற்றைக் கையர் திருகு முடுக்க, பொருளைப் பிடித்துக்கொள்ள ஒரு பிடிப்பான் போதும். அதைக் கால் மிதியால் இயக்க வைத்தால், தண்டுவடம் அடிபட்டவருக்கு உதவாது. அவருக்கு முழங்கையால் அழுத்தும் விசை வேண்டும். எல்லோருக்கும் ஒரே அமைப்பு என்று நினைக்கும்போதுதான் இது சொதப்புகிறது.

ஊழியரில் இத்தனை சதவீதம் பேர் மாற்றுத்திறனாளிகளாக இருக்க வேண்டும் என்பதை 1976-இல் ஜப்பானியச் சட்டம் தனியார் நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கியது. அன்று 1.5 சதவீதம்; 2024 ஏப்ரலில் அது 2.5 ஆனது. நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனம், குறையும் ஒவ்வொருவருக்கும் மாதம் 50,000 யென் கட்ட வேண்டும். சட்டம் வேண்டியதுதான். ஆனால் எண்ணிக்கையை மட்டும் காட்டினால் போதும் என்ற எண்ணமும் கூடவே வந்தது. 2018-இல் ஜப்பானின் மத்திய அமைச்சகங்களே கணக்கைப் பெருக்கிக் காட்டியது வெளிப்பட்டது. எனக்கு இதுதான் மிகவும் வலிக்கிறது. இன்று சில நிறுவனங்கள் வாடகைத் தோட்டத்தில் மாற்றுத்திறனாளிகளைக் காய்கறி வளர்க்க விட்டு, தங்கள் ஊழியராகக் கணக்கு காட்டுகின்றன. அந்த நிறுவனங்களின் வேலைப்பட்டியலை இன்னும் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.