தங்கவயலில் வீடு, பெங்களூரில் வேலை: நடுவில் ஒரு ரயில்

வணக்கம் மக்களே! பெங்களூரு ட்ராஃபிக் பற்றிப் பேச ஆரம்பித்தால் எல்லோரும் நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பில் போய் நின்றுவிடுவோம். இன்றைக்கு அந்தப் பக்கமே போகவில்லை. நான் நிற்பது கண்டோன்மெண்ட் ஸ்டேஷன். இதோ உள்ளே வருகிறதே, இது மாரிக்குப்பத்திலிருந்து வரும் ரயில். இறங்கி ஓடுகிறவர்கள் பேசுவதைக் கொஞ்சம் கேளுங்கள். தமிழ்தான்!

மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் எல்லாம் கோலார் தங்கவயல் ஸ்டேஷன்கள். பங்காரப்பேட்டையிலிருந்து பிரியும் இந்தக் கிளைப்பாதையே சுரங்கத்துக்காகப் போட்டதுதான். அந்தச் சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடினார்கள். ஊரே சுரங்கத்தை நம்பி எழுந்த ஊர். பெமல் என்ற அரசு இயந்திர ஆலை இருக்கிறது, சரி, ஊர் முழுக்க அங்கே வேலை செய்ய முடியுமா? அன்றிலிருந்து பிழைப்பு இந்த ரயிலில்தான்.

மாரிக்குப்பத்திலிருந்து இங்கே வர இரண்டு மணி நேரம் ஆகும். அது ஒழுங்காக வந்தால். பங்காரப்பேட்டைக்கு இந்தப் பக்கம் சென்னை மெயின் லைன். பின்னால் எக்ஸ்பிரஸ் வந்தால் இதை ஓரமாக நிறுத்திவிடுவார்கள். மாலூரிலோ தேவன்கொந்தியிலோ நின்றுகொண்டிருக்கும்போது ஆபீசில் பஞ்சிங் நேரம் தாண்டிப் போயிருக்கும். மேப்பில் இந்தக் காத்திருப்பெல்லாம் காட்டாது.

தங்கவயலில் ஒரு பையனுக்கு வேலை கிடைத்தால் முதல் கேள்வி "சம்பளம் எவ்வளவு?" இல்லை. "எந்த ஸ்டேஷன்?" என்பதுதான். ஒயிட்ஃபீல்டு என்றால் அதிர்ஷ்டசாலி, முன்னாலேயே இறங்கிவிடலாம். கே.ஆர்.புரம் என்றாலும் பரவாயில்லை. எலக்ட்ரானிக் சிட்டி என்றால் வீட்டில் யோசிப்பார்கள். நகர நடுவிலிருக்கும் மெஜஸ்டிக் வரை வந்து, பச்சை மெட்ரோ பிடித்து, ஆர்.வி.ரோட்டில் மஞ்சளுக்கு மாறணும். மஞ்சள் பாதை 2025 ஆகஸ்டில்தான் வந்தது. அதற்கு முன்னால் பஸ்ஸில் போனவர்களிடம் கேட்டுப் பாருங்கள், திட்டுவார்கள்.

என் மாமா பெண் ஒயிட்ஃபீல்டில் இறங்கி மெட்ரோ ஏறுகிறாள். ஸ்டேஷன் பக்கத்திலேயே ஊதா பாதை தொடங்குகிறது. 2023 அக்டோபரில் பையப்பனஹள்ளிக்கும் கே.ஆர்.புரத்துக்கும் நடுவில் விட்டிருந்த துண்டு திறந்ததும், நகரத்துக்குள் ஒரே வண்டியில் போக முடிகிறது. ஆனால் கட்டணம்! 2025 பிப்ரவரியில் அதிகபட்சம் 60 ரூபாயிலிருந்து 90 ஆக்கினார்கள். அத்தனை தூரம் வர ரயில் சீசன் டிக்கெட் மலிவு, கடைசித் துண்டுக்குத்தான் பர்ஸ் காலியாகிறது என்று அவள் புலம்பல். நியாயம்தானே?

பஸ்ஸில் வரலாமே, பெண்களுக்கு சக்தி திட்டத்தில் இலவசமாச்சே என்று கேட்பீர்கள். உண்மைதான், 2023 ஜூனிலிருந்து கர்நாடகப் பெண்களுக்கு அரசு சாதாரண பஸ்ஸில் டிக்கெட் இல்லை. ஆனால் கே.ஆர்.புரம் நெரிசலில் மாட்டினால் அந்த இலவசத்தை வைத்து என்ன செய்வது? ரயிலில் இடம் கிடைத்தால் தூங்கலாம், பூ கட்டலாம், சீட்டுப் பணம்கூட வசூல் பண்ணலாம். நடக்கிறது, பார்த்திருக்கிறேன்.

"பேசாமல் பெங்களூரிலேயே வீடு எடுக்க வேண்டியதுதானே" என்று சுலபமாகச் சொல்கிறவர்கள் இங்கே அட்வான்ஸ் கேட்கும் தொகையைக் கேட்டுவிட்டுச் சொல்லட்டும். தங்கவயலில் அப்பா, தாத்தா இருந்த லைன் வீடு, அதாவது சுரங்கத் தொழிலாளர் வரிசை வீடு, இருக்கிறது. அம்மா இருக்கிறார். பையன் அங்கேதான் பள்ளிக்கூடம் போகிறான்.

புறநகர் ரயில் என்று 148 கிலோமீட்டருக்கு 2022 ஜூனில் அடிக்கல் நாட்டினார்கள். அதில் நகரின் மேற்கே கெங்கேரியில் தொடங்கும் பாதை கிழக்கே ஒயிட்ஃபீல்டோடு நிற்கிறது, தங்கவயல் வரை வராது. தங்கவயல்காரர்கள் கேட்பது அவ்வளவு பெரியதில்லை. காலையில் இன்னும் ஒரு வண்டி வேண்டும், சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து ஓடி வந்து பிடிக்கிற மாதிரி ஒன்று. இருக்கிற வண்டியை எக்ஸ்பிரஸுக்காக நிறுத்தி வைக்காமல் விட்டாலே போதும் என்கிறார்கள் சிலர்.

நீங்கள் இந்த ரயிலில் வருகிறவரா? எந்த ஸ்டேஷனில் ஏறி எங்கே இறங்குகிறீர்கள், வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் வாசல் வரை மொத்தம் எவ்வளவு நேரம் என்று கீழே எழுதுங்கள். அடுத்த வீடியோ ஓசூர் பக்கம். தமிழ்நாட்டு எல்லையிலிருக்கும் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டி தினமும் வருகிறவர்கள் கதை வேறு.