பழகிய உடல், பழகாத அறை

[காட்சி: அடுத்தடுத்த இரண்டு அறைகள், இரண்டிலும் எலிக் கூண்டுகள்]

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக உளவியலாளர் ஷெப்பர்ட் சீகல், 1982இல் தம் குழுவினருடன் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். எலிகளுக்கு ஹெராயினைச் சிறுகச் சிறுகக் கூட்டிக் கொடுத்துப் பழக்கிவிட்டு, ஒரு நாள் மிகப் பெரிய அளவைச் செலுத்தினார்கள். அதற்கு முன் ஹெராயினையே அறியாத எலிகளில் ஏறத்தாழ 96 விழுக்காடு இறந்தன. பழகிய எலிகளில், வழக்கமாக மருந்து கிடைத்த அறையில் ஊசி போடப்பட்டவற்றில் 32 விழுக்காடு இறந்தன. வேறோர் அறையில் போடப்பட்டவற்றிலோ 64 விழுக்காடு. மருந்தும் அதேதான், அளவும் அதேதான். மாறியது அறை மட்டுமே.

[காட்சி: நரம்பணுவின் அண்மைத் தோற்றம்]

உடலுக்குள் மார்ஃபினாக மாறும் ஹெராயின், நரம்பணுவின் ஏற்பிகளை, அதாவது மருந்து வந்து ஒட்டும் புரதங்களை, பற்றிக்கொண்டு அதன் வேகத்தை அடக்குகிறது. நாள்தோறும் அடக்கப்படும் அணு சும்மா இருப்பதில்லை. ஏற்பிகளின் உணர்திறன் மங்குகிறது; அணுவைத் தூண்டும் சைக்ளிக் ஏஎம்பி என்னும் மூலக்கூறைத் தயாரிக்கும் நொதிகள் அணுவுக்குள் பெருகுகின்றன; மருந்து அழுத்த அழுத்த, அணுவும் எதிர்த்துத் தள்ளப் பழகுகிறது. மருந்து நின்ற அன்று அந்த எதிர்விசை மட்டும் எஞ்சுவதால்தான் கண்மணி விரிந்து, மயிர் கூச்செறிந்து, வயிறு கலங்கி, தூக்கமின்றி உடல் தவிக்கிறது. விரத நாளில் காலைக் காபியை விட்டவருக்கு நண்பகலுக்குள் நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறிக்கிறதே, அதுவும் சிறிய அளவில் இதே கணக்குதான்.

அறைக்கு இதில் என்ன வேலை? உணவு கொண்டுவருபவரின் காலடி ஓசைக்கே பாவ்லோவின் நாய்களுக்கு எச்சில் ஊறியது. அதுபோல, பழகிய அறையும் ஊசியும் உடனிருக்கும் நண்பர்களும் கண்ணில் பட்டவுடனேயே, மருந்து உள்ளே போகும் முன்பே, உடல் எதிர்விசையைத் திரட்டத் தொடங்குகிறது என்பதே சீகலின் விளக்கம். புதிய இடத்தில் அந்த முன்னறிவிப்பு இல்லை. பல மாதம் விட்டிருந்தவர் பழைய தெருவுக்குள் நுழைந்ததுமே கை நடுங்கி வியர்ப்பதை மனஉறுதியின்மை என்று ஏசுவது எனக்கு அநியாயமாகப் படுகிறது. அங்கே செயல்படுவது அந்தப் பழைய பாடம்தான்.

[காட்சி: ஒரே தொடக்கத்திலிருந்து ஏறும் இரண்டு கோடுகள்]

இன்னொரு சிக்கலும் உண்டு. மயக்க இன்பத்துக்கு உடல் விரைவில் பழகிவிடுகிறது. மூச்சை இயக்கும் மூளைத்தண்டோ மெதுவாகவே பழகுகிறது. முன்போல ஏறவில்லை என்று அளவைக் கூட்டுபவருக்கு, இன்பம் தரும் அளவுக்கும் மூச்சை நிறுத்தும் அளவுக்கும் உள்ள இடைவெளி ஒவ்வொரு முறையும் சுருங்குகிறது. 'எவ்வளவு போட்டாலும் அவனுக்கு ஒன்றும் ஆகாது' என்று நண்பர்கள் வியக்கும் வேளையிலும் அது சுருங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

நிறுத்திய சில வாரங்களில் இந்தத் தாங்குதிறன் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. பழைய அளவின் நினைவு மட்டும் கரைவதில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையானவர்களைப் பற்றி 2007இல் வெளியான ஆய்வில், முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் போதைமருந்து மிகையளவால் இறக்கும் வாய்ப்பு, பொதுமக்களைவிட 129 மடங்கு இருந்தது. எனவே மறுவாழ்வு மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ ஒருவர் வீடு திரும்பும்போது, 'இனிமேல் தொடாதே' என்பதோடு நிறுத்தாமல், பழைய அளவு இப்போது உயிரைப் பறிக்கும் என்பதையும் அவரிடமும் குடும்பத்தாரிடமும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

[காட்சி: நலாக்சோன் மருந்துக் குப்பி]

ஹெராயின் போன்ற மருந்துகளின் விளைவை முறிக்கும் மருந்து நலாக்சோன்; அவற்றால் மூச்சு நின்றுபோகும் நிலையில் உள்ளவரை அது மீட்டெடுக்கும். ஆனால் அதன் வேலை பெரும்பாலும் 30 முதல் 90 நிமிடங்கள் வரைதான். உள்ளே இருக்கும் போதைமருந்து அதைவிட நீடித்தால் மூச்சு மறுபடியும் தளரும். அதனால் எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் அவரைத் தனியே விடாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.