ஒரே மேட்ச்சில் முடிகிற சீசன்

நேயர்களுக்கு வணக்கம். கல்லூரிக் கால்பந்து அணியின் ஒரு சீசனைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். கல்லூரி உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பையன்களுக்கு எப்போதும் பி.டி. சார்தான்.

சீசன் என்றதும் டி.வி.யில் வருகிற இங்கிலாந்து பிரீமியர் லீக் உங்களுக்கு நினைவு வரலாம். அங்கே ஓர் அணிக்கு 38 ஆட்டம். நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல்லூரி அணிக்கு எத்தனை? பல வருடங்களில் ஒன்றே ஒன்று. ஜூன் மாதம் முதல் பயிற்சி எடுத்து, ஒரே மேட்ச்சில் தோற்று, பையைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்புவதுதான் எங்கள் சீசன். இன்று நான் திரும்பத் திரும்ப இதைத்தான் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி திறந்ததும் டீம் தேர்வு நடக்கும். வருகிறவர்களில் பாதிப் பேர் கபடி ஆடி வளர்ந்தவர்கள். கபடிக்காரனை நான் விடவே மாட்டேன். எதிராளியின் இடுப்பைப் பார்த்தே எந்தப் பக்கம் திரும்பப் போகிறான் என்று கண்டுபிடிப்பான், அருமையான டிஃபெண்டர் ஆவான். ஒரே சிக்கல், பழக்க தோஷத்தில் முதல் மாதம் ஆளைக் கையால் பிடித்துவிடுவான்.

அடுத்து கிரவுண்டு. செம்மண்ணும் சரளையும் கலந்த தரை. பந்து விழுந்தால் தலைக்கு மேல் எழும்பும். அதனால் எங்கள் பையன்கள் தலையால் முட்டுவதில் கெட்டிக்காரர்கள், சறுக்கிப் பந்தைப் பறிப்பதில் சுமார். சரளையில் ஒரு தடவை சறுக்கிப் பாருங்கள், தொடையில் தோல் இருக்காது. பிறகு போட்டிக்காகச் சேலத்தில் புல்தரையில் இறக்கிவிட்டால், எழும்பும் என்று காத்திருக்கிற பந்து எழும்பாமல் காலடியிலேயே ஓடிவிடும். புல்லுக்குக் கால் பழகுவதற்குள் இடைவேளை வந்துவிடும்.

பயிற்சி மும்முரமாகிற நேரத்தில் ஆடி பிறக்கும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், பந்து எம்மாத்திரம்? கோல்கீப்பர் ஓங்கி உதைத்த பந்து நடுக்கோட்டைத் தாண்டாமல் அவன் பக்கமே திரும்பி வருவதை நீங்கள் பார்க்க வேண்டும். காலையில் போட்ட சுண்ணாம்புக் கோடு மதியம் இருக்காது. இதில் ஒரு நன்மையும் உண்டு. காற்றை எதிர்த்து ஆடுகிற பாதியில் பந்தைத் தூக்கி அடிக்காமல் தரையோடு தள்ளி ஆட அவர்களாகவே கற்றுக்கொள்வார்கள். நான் கத்திச் சொல்லியும் கேட்காததைக் காற்று ஒரு வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடும்.

சரி, இப்போது மேட்ச்சுக்கு வருவோம். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி, பெரும்பாலும் நாக் அவுட்டில்தான் தொடங்கும், ஒரு தடவை தோற்றால் வெளியே. ஒரு வருடம் நல்ல டீம் அமைந்திருந்தது. மூன்று நாள் போட்டி என்று மூன்று நாளுக்கும் ஓ.டி. வாங்கியாயிற்று. ஓ.டி. என்றால் கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தெரியும், விளையாடப் போன நாளுக்கும் வருகைப் பதிவு உண்டு. தொப்பூர் கணவாய் இறங்கும்போது பஸ்ஸில் ஒரே பாட்டு. முதல் ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது, டைபிரேக்கர், அதாவது இரு டீமும் மாறி மாறிப் பெனால்டி அடித்து வெற்றியை முடிவு செய்வது. எங்கள் கடைசிப் பையன் அடித்த பந்து கம்பியில் பட்டு வெளியே போனது. மணி பதினொன்று. சீசன் முடிந்தது. திட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த வேடிக்கை ஊருக்குத் திரும்பியதும். மூன்று நாளும் விளையாடுவதாக வகுப்பில் சொல்லிவிட்டுப் போனவர்கள் முதல் நாள் மாலையே எப்படி முகத்தைக் காட்டுவது? அடுத்த இரண்டு நாள் ஒருவன் விடுதியில் போர்வைக்குள், இன்னொருவன் அத்தை வீட்டில். ஒருவன் மட்டும் ஹெச்.ஓ.டி. கண்ணில் மாட்டினான். "என்னப்பா, செமி ஃபைனலா?" என்று அவர் கேட்டதற்கு, "ஆமாம் சார், நாளைக்கு" என்றானாம்! நான்தான் பிறகு போய் விளக்க வேண்டியிருந்தது.

சிரித்தாலும் எனக்கு ஆதங்கம்தான். டைபிரேக்கராவது பரவாயில்லை, 1970இல்தான் அது விதியாக வந்தது. அதற்கு முன்னால் 1968 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில், இத்தாலியும் சோவியத் யூனியனும் கோல் இல்லாமல் முடித்தபோது, காசைச் சுண்டித்தான் இத்தாலியை இறுதிக்கு அனுப்பினார்கள்.

நாக் அவுட்டில் எட்டு டீம் வந்தால் நான்கு டீம் ஒரே மேட்ச்சோடு வீட்டுக்கு. அதே எட்டு டீமை லீக்காக, எல்லோரும் எல்லோரோடும் ஒரு தடவை மோதும்படி ஆட வையுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஏழு மேட்ச். தோற்றதைத் திருத்திக்கொள்ள அடுத்த வாரம் இருக்கும். முதல் வருடப் பையனையும் இரண்டாவது கோல்கீப்பரையும் இறக்கிப் பார்க்கலாம். இது என் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. இங்கிலாந்தில் நாக் அவுட் கோப்பை 1871இலேயே வந்துவிட்டது. கோப்பையிலிருந்து வெளியேறிவிட்டால் உருப்படியாக ஆட்டம் கிடைக்காது, ஒப்புக்கொண்ட நட்பு ஆட்டங்களும் கடைசி நேரத்தில் ரத்தாகும். இதைப் பார்த்து நொந்துபோன ஆஸ்டன் வில்லா கிளப்பின் வில்லியம் மெக்கிரிகர் மற்ற கிளப்புகளுக்குக் கடிதம் எழுதினார். 1888இல் 12 கிளப்புகளோடு லீக் தொடங்கியது, ஒவ்வொன்றுக்கும் 22 ஆட்டம். மெக்கிரிகர் துணிக்கடைக்காரர். ஒரு துணிக்கடைக்காரர் செய்ததை நாம் செய்யக் கூடாதா?

செலவு என்பீர்கள். தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஒரு மணி நேரப் பயணம். அரூர், பென்னாகரம், ஓசூர் என்று சுற்றிலும் கல்லூரிகள். சனிக்கிழமை ஒரு டீம் பஸ் ஏறி வரட்டும், அடுத்த வாரம் நாம் போகலாம். நடுவர் சம்பளம், மதியச் சாப்பாடு, பஸ் கட்டணம், இவ்வளவுதான். பழைய மாணவர்கள் பலர் ஓசூர் சிப்காட்டில் வேலையில் இருக்கிறார்கள், கேட்டால் தருவார்கள். ஆனால் நவம்பர் செமஸ்டர் பரீட்சைக்குள் முடித்துவிட வேண்டும். பரீட்சை நேரத்தில் பந்தைத் தொட்டால் பெற்றோர் என்னைத் தேடி வருவார்கள், வந்தும் இருக்கிறார்கள்.

நிலையத்தார் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைக் காட்டுகிறார்கள். பெண்கள் அணியைப் பற்றி விரிவாகப் பேச நினைத்துக் கடைசியில் வைத்திருந்தேன். மதுரையின் சேது எஃப்.சி. 2019இல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. நம் பக்கம் விளையாட ஆசைப்படுகிற பெண்கள் நிறைய இருக்கிறார்கள். மாலைப் பயிற்சி முடிந்து ஊருக்குப் போகப் பஸ் கிடைக்காததால் பாதியில் நின்றுவிடுகிறார்கள். காலைப் பயிற்சியாக மாற்றினால் இதற்கு வழியுண்டு, அதை எப்படி என்று... சரி, நேரமாகிவிட்டது. இன்னொரு நாள் கூப்பிட்டால் முதலில் அதைத்தான் பேசுவேன். வணக்கம்.